பட்டி பார்ப்பதற்கு முன்: நம் வீட்டுச் சுவரின் கதை

சில மாதங்களாக நம் வாட்ச்மேன் அறையில் வந்து இறங்கும் பார்சல்களில் ஒரு புது வகை சேர்ந்திருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஐந்து கிலோ பட்டி மூட்டை, எஃகுத் தகடு, பூப்போட்ட ரப்பர் உருளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஃப்டில் ஏறினால், எந்த மாடியில் யார் சுவர் தேய்க்கிறார்கள் என்பது நடைபாதையில் படிந்திருக்கும் வெள்ளைத் தூளிலேயே தெரிந்துவிடுகிறது. பெயின்டர் ஓர் அறைக்குக் கேட்கும் கூலியைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். நான் குறை சொல்ல வரவில்லை. எனக்கும் அந்த ஆசை வந்தது. வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இரண்டாவது படுக்கையறையில், குளியலறையை ஒட்டிய சுவரில், முழங்கால் உயரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சென்ற ஆனியில் நானே சுரண்டி எடுத்தேன். கடையில் இரண்டு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கிக் குழைத்து அப்பினேன். வெறுமனே மட்டமாக விடுவானேன் என்று, ஒரு பழைய சீப்பை எடுத்து அலை அலையாகக் கோடு இழுத்தேன். காய்ந்ததும் வெளிர் நீலம் அடித்தேன். வந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். நூற்றைம்பது ரூபாய் என்று சொல்லும்போது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், அந்த அலைகள் அப்படியே ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து கட்டிலுக்குப் பின்னால் விழுந்தன. பின்னால் இருந்த சுவர், கை வைத்தால் ஈரம்.

பெயர்ந்து விழுந்ததைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. வடை போல அதில் அடுக்குகள் இருந்தன. நான் அப்பியது, அதற்குப் பின்னால் பழைய பட்டி, அதில் ஒட்டிக்கொண்டு வந்த சிமென்ட் பூச்சு. ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தைச் சேர்ந்தது. ஒவ்வொன்றும் தண்ணீரிடம் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். அதை அறியாமல் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றியதுதான் என் தப்பு. அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

சுண்ணாம்பிலிருந்து தொடங்குவோம். நம் பக்கத்தில் சிமென்ட் வருவதற்கு முன்பு நல்ல பூச்சு என்றால் சுண்ணாம்புக் காரைதான். அதன் வேதியியலை நான் கல்லூரியில் படித்தவன் இல்லை, படித்தது வணிகவியல். ஆனால் வங்கியில் முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது. நீங்களும் பாருங்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். மீதி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி, 18 கிலோ தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு ஆகும். இதைத்தான் மணலோடு கலந்து சுவரில் பூசுகிறோம். பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே 44 கிலோ கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிலோ தண்ணீரை வெளியே விட்டு, மறுபடி 100 கிலோ கல்லாகிவிடுகிறது. வரவும் செலவும் பைசா பிசகாமல் டேலி ஆகிறது! சுவரில் பூசிய சுண்ணாம்பு காய்கிறது என்று நாம் சொல்வது உண்மையில் அது கல்லாகத் திரும்புவதைத்தான்.

ஒரே சிக்கல், இந்த வசூல் ரொம்ப மெதுவாக நடக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்பது பொதுவான கணக்கு. அதனால்தான் பழைய கொத்தனார்கள் மெல்லிய பூச்சாக, ஒன்றன் மேல் ஒன்றாக, நடுவில் நாள் விட்டு நாள் விட்டுப் பூசினார்கள். கீழே கரடுமுரடான மணல் கலவை, அதன் மேல் சலித்த மணல், அதற்கும் மேல் மாவு போல அரைத்த சுண்ணாம்பு. அரைப்பதற்கென்று வட்டமான பள்ளம் வெட்டி, அதில் கல் சக்கரத்தை மாடு கட்டிச் சுற்றுவார்கள். தரத்துக்கு ஏற்ப நாட்கணக்கில், வாரக்கணக்கில் கலவையைப் புளிக்கவும் வைப்பார்கள்.

இந்த வித்தையில் நம் ஊருக்கு உலக அளவில் பெயர் இருந்தது என்பது எனக்கு இதுவரை தெரியாது. ஆங்கிலேயர்கள் இதை 'மெட்ராஸ் சுனாம்' என்றார்கள். நம் சுண்ணம்தான், ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. கடற்கரையிலும் கழிமுகங்களிலும் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு என்பதால் வெளுப்பு அதிகம். செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், மெட்ராஸில் மிகச் சிறந்த காரை செய்யும் முறையை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் 1732 வாக்கில் அது அச்சேறியிருக்கிறது. வெல்லத் தண்ணீர், கொள்ளு ஊறவைத்த நீர், கடுக்காய் என்று நம் சமையலறையும் நாட்டு மருந்துக் கடையும் சேர்ந்த பட்டியல் அது. மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் என்றும் பழைய செய்முறைகளில் வருகிறது. நீயூட்டன் தலைவராக இருந்த சங்கத்தின் சஞ்சிகையில் நம் வெல்லமும் கடுக்காயும்! 1780இல் மெட்ராஸ் வந்து இறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கப்பலிலிருந்து பார்த்தபோது இந்த ஊரின் வெள்ளைத் தூண் வரிசைகள் கிரேக்க நகரம் போலத் தோன்றியதாக எழுதிவைத்தார். அவர் பார்த்ததில் பளிங்கு கிடையாது. செங்கல் மேல் பூசிய சுண்ணாம்பு, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது.

கடுக்காயும் வெல்லமும் ஏதோ சடங்குக்காகப் போட்டவை இல்லை. வெல்லம் கலவையை இளக்கமாக்கும், தண்ணீரைக் குறைவாக விட்டாலே பூச வரும், காய்வதையும் நிதானப்படுத்தும். முட்டையின் புரதமும் நெய்யின் கொழுப்பும் மேல்பரப்பில் மழைத்தண்ணீர் ஊறாமல் வழிந்தோட உதவும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனவர்கள் செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். நடுமதியத்திலும் குளிர்ந்திருக்கும், முகம் தெரியும். நூறு வருஷத்துக்கு மேல் பெயின்ட் காணாத சுவர்கள் அவை. நம் கட்டடத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் செலவுக்கு நிதி ஒதுக்கிவிட்டு, பொதுக்குழுவில் மூன்று மணி நேரம் சண்டை போடுகிறோமே, அதை அங்கே நின்று நினைத்துப் பார்த்தேன்.

பூச்சின் மேல் பூச்சு என்பதற்கும் நம் நாட்டில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், நாயக்கர் காலத்து ஓவியங்கள் உள்ள காரை ஓரிடத்தில் உதிர்ந்திருந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அதற்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அறுநூறு வருஷ இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்று பூசியும், கீழே இருந்தது அழியவில்லை. இரண்டும் சுண்ணாம்பு, ஒன்று இன்னொன்றைத் திணறடிக்கவில்லை.

திணறல் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியேறும். கொஞ்சம் உப்பு பூக்கும், கொஞ்சம் உதிரும். பொங்கலுக்கு முன் நார் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து வெள்ளையடித்தால் சரியாகிவிடும். கொஞ்சம் நீலம், ஒட்டுவதற்கு வஜ்ரம் அல்லது கஞ்சி. ஒரு வகையில் அதுதான் நம் ஊரின் முதல் 'நீங்களே செய்யலாம்' வேலை. சிறு வயதில் தாத்தா வீட்டுத் திண்ணைச் சுவருக்கு நான் வெள்ளையடித்திருக்கிறேன். கை வெந்துபோய்த் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வீடு கும்பகோணம் பக்கத்தில். அதற்கு நேர்ந்ததைச் சொன்னால் சிமென்டின் கதையும் கூடவே வந்துவிடும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824இல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார். காய்ந்தால் போர்ட்லண்ட் தீவின் கல் போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். சுண்ணாம்பைப் போல அது காற்றுக்காகக் காத்திருக்காது. தண்ணீர் பட்டால் போதும், சில மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். இந்தியாவில் அதை முதலில் செய்து பார்த்ததும் மெட்ராஸில்தான், 1904இல். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கியதுதான் வேர்பிடித்தது. ஆனாலும் நம்மைப் போன்றவர்களின் வீட்டுச் சுவருக்கு அது வந்து சேர இன்னும் பல காலம் ஆயிற்று. காரணம் கட்டுப்பாடு. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்: சிமென்டுக்கு பெர்மிட் வேண்டும். 1979இல் என் தகப்பனார் இருபது மூட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. ஆலைகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அரசுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெளியில் விற்கலாம் என்றார்கள். 1989இல் முழுதாக நீங்கியது. அதற்குப் பிறகுதான் தெருமுனைக் கடையில் போய் இரண்டு மூட்டை கொடு என்று கேட்கும் காலம் வந்தது. நம் குடியிருப்பும் அதற்குப் பிந்திய காலத்துப் பிள்ளைதான்.

அரிதாகக் கிடைத்த பொருளுக்கு மரியாதை அதிகம். 1984இல் தாத்தா வீட்டின் அடிச்சுவர் உதிர்கிறது என்று, பழைய சுண்ணாம்புக் காரையை நான்கடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு கெட்டியாக சிமென்ட் பூசினோம். பணம் போட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ஊரே வந்து பார்த்தது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் ஈரம் ஐந்தடி உயரத்தில் தெரிந்தது. தரையிலிருந்து ஏறிய தண்ணீர் முன்பு முழங்கால் உயரத்திலேயே ஆவியாகிவிடும். இப்போது வெளியேற வழியில்லாமல், சிமென்ட் முடியும் இடம் வரை ஏறிற்று. தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே மாவாக்கிவிட்டது. 1992இல் சிமென்டைத் தட்டினால் பானை போலச் சத்தம் வந்தது. உடைத்துப் பார்த்தபோது உள்ளே செங்கல் பொடியைக் கையால் அள்ள முடிந்தது. எண்பது வருஷம் நின்ற சுவர். மறு வருஷம் அந்தப் பகுதியை இடித்தோம். சிமென்ட் கெட்ட பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. களிமண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். சிமென்டில் கட்டிய நம் சுவர்களுக்கு சிமென்ட் பூச்சுதான் சரி.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேறு குடும்பம். பெயரில் இருக்கும் பாரிஸ் சும்மா இல்லை. அந்த நகரத்தின் மோன்மார்த் குன்றில் ஜிப்சம் வெட்டி எடுத்தார்கள். ஜிப்சத்தை வெறும் 150 டிகிரி அளவில் வறுத்தாலே போதும், தன்னிடமுள்ள தண்ணீரில் முக்கால் பங்கை விட்டுவிடும். அந்தப் பொடியில் மறுபடி தண்ணீர் சேர்த்தால் அரை மணிக்குள் இறுகிவிடும். சுண்ணாம்புக்கு மாதங்கள், சிமென்டுக்கு நாட்கள், இதற்கு நிமிஷங்கள். எலும்பு முறிவுக் கட்டுக்கு ஏற்றது, உள்கூரை அலங்காரத்துக்கும் ஏற்றது. ஆனால் இது தண்ணீரில் கரையும். லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம்தான். அது போதும், ஈரச் சுவரில் பிடிப்பு விட்டுப்போக. குளியலறைச் சுவரின் முதுகில் நான் அப்பியது இதைத்தான்!

இனி, பட்டியும் டெக்ஸ்சரும். இன்று கடையில் 'வால் பட்டி' என்று விற்பது பெரும்பாலும் வெள்ளை சிமென்டை அடிப்படையாகக் கொண்டது. 1980களில் ராஜஸ்தானில் வெள்ளை சிமென்ட் ஆலைகள் வந்த பிறகுதான் இது இங்கே பெருகியது. அதன் வேலை சுவரை வழவழப்பாக்குவது மட்டும். ஒரு கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம், எல்லாம் சேர்த்து மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பள்ளத்தை அடைப்பதற்கு அது இல்லை. இரண்டு அங்குலப் பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பிய வீடு நம் 'பி' பிளாக்கிலேயே இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

சொரசொரப்பான பூச்சு இன்றைய மோகம் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் பழைய கோட்டைச் சுவர்களின் மேல், சிறு கற்கள் கலந்த சுண்ணாம்புக் கலவையைக் கரண்டியால் விசிறி அடித்தார்கள். ஓயாத மழைக்கு அதுதான் ஈடுகொடுத்தது. மேடும் பள்ளமுமாக இருந்தால் பரப்பு அதிகம், நனைந்த சுவர் சீக்கிரம் உலரும். அழகு அப்புறம் வந்தது. வீட்டுக்காரரே செய்துகொள்ளும் டெக்ஸ்சர் என்றால் அது பிரிட்டனில் 'ஆர்டெக்ஸ்' என்ற பொடியால் பரவியது. போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி, அங்கே வீட்டுக்கு வீடு உள்கூரையில் சீப்பாலும் பிரஷாலும் சுழி சுழியாக வரைந்தார்கள். என் சீப்பு வேலைக்கு முன்னோடிகள்! அதில் ஒரு விபரீதமும் சேர்ந்திருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை அந்தப் பொடியில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. ஆகவே அந்த நாட்டில் பிள்ளைகள் பழைய வீடு வாங்கியிருந்தால், உள்கூரைச் சுழிகளைத் தாங்களே சுரண்ட வேண்டாம், முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாம் இங்கே தேய்க்கும் பட்டித் தூளில் அது இல்லாவிட்டாலும், நுரையீரலுக்கு எந்தத் தூளும் உறவு கிடையாது. முகமூடி போடுங்கள், சிமென்ட், சுண்ணாம்பு எதுவானாலும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். நடைபாதையைத் துடைத்தும் விடுங்கள்.

உங்கள் சுவரில் கை வைப்பதற்கு முன் செய்யக்கூடியவை சில. நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் ஜிப்சம். சிமென்ட் நகத்துக்கு மசியாது. விரல் முட்டியால் தட்டுங்கள். பானைச் சத்தம் வரும் இடத்தைக் கொத்தி எடுத்தே ஆகவேண்டும். அதன் மேல் எதைப் பூசினாலும் சேர்ந்துதான் விழும். பிறகு ஓர் அடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அது அறையின் காற்றிலிருந்து. உள்ளிருந்து வருகிறதென்றால் பட்டி, டெக்ஸ்சர் எல்லாவற்றையும் பரண் மேல் போட்டுவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அடுக்குமாடியில் அது உங்கள் வீட்டில் இல்லாமல் மேல் வீட்டுக் குளியலறையில் இருக்கலாம். அப்போது இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

இதே கேள்விதான் அடுத்த பொதுக்குழுவில் 'சி' பிளாக்கின் மேற்குச் சுவருக்கும் வரப்போகிறது. வெளிச்சுவர் முழுக்க ரப்பர் போல நீளும் டெக்ஸ்சர் பூச்சு அடிக்கலாம் என்று ஒரு விலைப்புள்ளி வந்திருக்கிறது. மழை நேரே அறைவதை அது தடுக்கும், விரிசல்களை முதலில் அடைத்திருந்தால். ஆனால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் விரிசல் இருக்கிறது. நான் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன், நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் ரப்பர் தோலுக்குப் பின்னால் தேங்கும். தலையைச் சரிசெய்யும் செலவு அந்த விலைப்புள்ளியில் எங்கும் காணோம். அதையும் சேர்த்துக் கேட்கும்படி செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கை தூக்குவதற்கு முன் அந்தத் தாளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

என் சுவரில் குளியலறைக் குழாயின் கசிவை அடைத்தாயிற்று. இரண்டடிக்கு இரண்டடி செங்கல் தெரியும்படி கொத்திவிட்டுக் காயவிட்டிருக்கிறேன். கொத்தனார் வந்து பார்த்து, தை பிறக்கட்டும், ஒன்றுக்கு நாலு கலவையில் பூசி, ஏழு நாள் தண்ணீர் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்க்கலாம் என்றார். அதுவரை பார்க்கச் சகிக்கவில்லை என்று என் மனைவி அந்த இடத்தை மறைத்து வங்கிக் காலண்டரை மாட்டிவிட்டாள். காற்றுப் பட வேண்டுமே என்று பகலில் நான் அதைக் கழற்றிவைக்கிறேன்.